வேட்டியில் சுற்றி வந்த பாட்டில்

பொங்கலுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு,

உங்களில் சிலருக்கு நான் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் எடுத்திருப்பேன். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு வழியில் அத்தையோ பெரியம்மாவோ ஆவேன். இரண்டு உரிமையையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சங்கதி, நீங்கள் துணிமணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிற பாட்டில்.

உடனே மடித்து வைத்துவிடாதீர்கள். குடியின் தீமைகள் என்று கட்டுரை வாசிக்கப் போவதில்லை. அறுபத்து நான்கு வயதில் நானே வீட்டுக்காரரோடு, இரண்டு பெட்டியில் நான்கு பாட்டில் ஒயினுடன் மீனம்பாக்கத்தில் இறங்கியவள்.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதம் அவனோடு இருந்துவிட்டு வரலாம் என்று போனோம். ஒரு சனிக்கிழமை மோசல் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். ஆறு வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் நிற்க முடியாத செங்குத்துச் சரிவு. சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. என் வீட்டுக்காரருக்குப் பொத்தனூர்ப் பக்கம் கொடிக்கால். நாற்பது வருஷமாக வெற்றிலையைத் தவிர வேறெதிலும் புத்தி போகாத மனிதர். அதுவரை எந்தக் கோட்டையைக் காட்டினாலும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், அங்கே காரை நிறுத்தச் சொன்னார்.

நாம் அகத்தியை நட்டு அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுகிறோம் இல்லையா? அங்கே கொடிக்கு ஒரு கம்பு. கம்பைச் சுற்றிக் கொடியை வளைத்துக் கட்டியிருந்தார்கள். மண்ணெல்லாம் பலகை பலகையாகச் சிலேட்டுக் கல் சில்லு. பகலில் வாங்கிய வெயிலை அந்தக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம். மிஷின் ஏறாத சரிவு என்பதால் பெரும்பாலும் கைவேலை. இவர் ஒரு கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "நம்ம கொடி நிழல் கேக்கும், இது வெயில் கேக்குது. மத்தபடி ரெண்டும் ஒரே பாடுதான் சாமி."

பீஸ்போர்ட் என்ற ஊரில் ஒரு விவசாயி வீட்டிலேயே பாட்டில் விற்றார்கள். மகன் அட்டையைப் படித்துச் சொன்னான். ஊரின் பெயர், சரிவின் பெயர், ரீஸ்லிங் என்ற திராட்சையின் பெயர், பறித்த வருஷம். சரிவின் பெயருக்குப் பொன்துளி என்று அர்த்தமாம். ஒரு காட்டுக்குப் பெயர் வைத்து அந்தப் பெயரைப் பாட்டிலிலும் ஒட்டியிருக்கிறார்கள். இவர் அந்த அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நம்ம சுமை மண்டிக்குப் போனா நூத்திநாலு கவுளி இருக்குதான்னு எண்ணுவாங்க. எந்தக் காட்டு வெத்தலைன்னு எவன் கேக்கறான்?"

அந்த ஆசையில்தான் வாங்கினோம். குடிக்கிற ஆசை எங்கள் இருவருக்கும் இல்லை.

இனிக் கணக்கு. மகன் ஐந்து பாட்டில் வாங்கி வைத்தான். இந்தியாவுக்குள் வருகிற பெரியவர் ஒருவர் வரியில்லாமல் இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம். ஒயினோ விஸ்கியோ பீரோ, எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டர். ஒயின் பாட்டில் முக்கால் லிட்டர். "அஞ்சு பாட்டில்னா மூணே முக்கால் லிட்டர். ரெண்டு பேருக்கு நாலு லிட்டர் உண்டு. சரியா வருதும்மா" என்றான். பெருக்கல் சரி; விதிதான் வேறு. ஒருவருக்குள்ள சலுகையை இன்னொருவர் சலுகையோடு கூட்டிக்கொள்ள முடியாது. புருஷன் பெண்டாட்டியானாலும் அவரவர் பெட்டி அவரவருக்கு. ஒரு பெட்டியில் மூன்று பாட்டில் வைத்தால் இரண்டேகால் லிட்டர் ஆகிவிடும். மிஞ்சியதைச் சுங்கத்தில் சொல்லி வரி கட்டலாம். வெளிநாட்டு ஒயினுக்கு அந்த வரி வழக்கமாக விலையைப் போல ஒன்றரை மடங்கு. சொல்லாமல் வந்து மாட்டினால் பாட்டிலும் போகும், அபராதமும் வரும். ஐந்தாவது பாட்டிலை மகன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஆக, ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஒரு சொட்டுக்கூடச் சட்டத்தை மீறவில்லை. அப்படியிருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்கையும் இவருடைய வேட்டிகளில் சுற்றி, மேலே சேலையை மடித்து வைத்து, அதற்கும் மேலே சாமி படத்தை வைத்துப் பெட்டியை மூடினேன். சுங்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஓரமாக வைத்திருந்த சிவப்பு ஒயின் உடைந்து, நாலு முழ வேட்டி முழுக்க நாவல்பழச் சாயம். இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை. கொடியில் காயப்போட்டேன். எதிர்வீட்டு அம்மிணி எட்டிப் பார்த்து, "ஏனுங் டீச்சர், வேட்டியில ரத்தமாட்ட என்னமோ இருக்குதுங்களே?" என்றாள். பீட்ரூட் என்று பொய் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சட்டம் அனுமதித்த ஒன்றை நான் எதற்காக ஒளித்தேன்?

பதிலில் பாதி நம் ஊர்ச் சரித்திரத்தில் இருக்கிறது. 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமானது. அதனால் அன்றைய முதல் மதுவிலக்கு மண்ணில் நம் வேலூரும் அடக்கம். அதற்கு முன்பே, 1925-இல், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் அவர் காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார். 1929-இல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகை வந்தது. அதில் கூட இருந்து வேலை செய்தவர் கல்கி. கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்பத்தான் 1939-இல் விற்பனை வரி வந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003-இலிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் நடப்பில் இருக்கும் சட்டத்தின் பெயர் 1937-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்தான். கடை திறப்பதற்கான விதிகளும் அதன் கீழேயே எழுதப்பட்டவை. வாசலில் விலக்கு, உள்ளே வியாபாரம் என்று வளர்ந்த ஊரில், பாட்டிலைக் கண்டாலே கை தானாகத் துணியைத் தேடுகிறது.

பதிலின் மறுபாதி, வார்த்தையில் இருக்கிறது. டாஸ்மாக்குக்கு முன்னால் நம் பக்கம் அந்தக் கடைக்கு என்ன பெயர்? ஒயின் ஷாப். அந்த ஒயின் ஷாப்புக்குப் போனவர்களில் ஒயின் வாங்கியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? வாங்கியதெல்லாம் பிராந்தி. அதனால் ஒயின் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெண்களுக்கு ஞாபகம் வருவது ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். இதற்கு நேர் எதிராக, ஒயின் குடித்தால் கலர் வரும் என்று கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு ரகசியமாக வாங்கிக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. கலரும் வராது, ஒன்றும் வராது. இந்த இரண்டு மூட்டத்துக்கும் நடுவில் அது ஒரு விவசாயியின் விளைச்சல் என்பது கண்ணுக்கே தெரிவதில்லை.

ஆனால் வெளிநாட்டு ஒயின் இந்த ஆற்றங்கரைக்குப் புதுசா என்றால், இல்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வேலாயுதம்பாளையம். அங்கேதான் ஆறுநாட்டார் மலை. சேர இரும்பொறைகளின் பெயரைச் சொல்லும் தமிழி எழுத்து அதன் பாறையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் கரூர். அமராவதி மணலில் ரோமானிய நாணயம் கிடைத்த ஊர். அகழாய்வில் ரோமானியரின் மதுச்சாடி ஓடுகளும் அங்கே கிடைத்தன. மேற்குக் கடற்கரை முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வந்திருக்கிறது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த பெரிப்ளூஸ் என்ற வழிநூல், முசிறியில் இறங்கும் பொருள்களில் ஒயினையும் சேர்த்து, அது கொஞ்சம்தான் என்றும் குறித்திருக்கிறது. இரண்டு லிட்டர் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது போல. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் நாளும் பருகி வாழ்க என்று பாண்டியனை வாழ்த்துகிறார் நக்கீரர்; புறநானூற்றில் 56-ஆம் பாட்டு. அவர் வேட்டியில் சுற்றவில்லை.

பீஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் நொய்மாகன் என்று ஓர் ஊர். பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போகும் ஒரு கப்பலைக் கல்லில் செதுக்கி, ரோமானிய வியாபாரி ஒருவரின் கல்லறையில் வைத்திருந்தார்கள். சுமார் 220-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ட்ரியர் அருங்காட்சியகத்தில் பார்த்தோம். அதே ரோமானியருடைய ஒயின்தான் ஒரு பக்கம் மோசலுக்கும் இன்னொரு பக்கம் அமராவதிக்கும் போயிருக்கிறது. அவர்கள் கொடியை நட்டுக்கொண்டார்கள். நமக்கு ஓடு மிஞ்சியது.

இதையெல்லாம் யோசித்துவிட்டு, இனி ஒளிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த மூன்று பாட்டிலில் ஒன்றை எடுத்து நடுக்கூடத்தில் மேசைமேல் வைத்தேன். பாடம் நடத்துகிற பழக்கம் போகுமா? ஊர், சரிவு, திராட்சை, வருஷம் என்று சொல்லிக்கொண்டே போனேன். கொழுந்தனார் மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் மூடியில் கை வைத்ததும் கிட்ட வந்து காதில் சொன்னாள்: "பெரியத்தை, இவரு விட்டு எட்டு மாசம்தான் ஆகுதுங்க. இங்க தொறக்காதீங்க."

அவள் புருஷன் எதிர் நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாட்டிலைத் திரும்ப எடுத்து வைத்தேன். ஒளிக்காமல் இருப்பதென்றால் எல்லார் முன்னாலும் திறப்பது என்று நினைத்திருந்தேன், பிள்ளைகளே. திறக்கிறதுக்கு முன்னால் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரித்திரமெல்லாம் சொன்னேன், கேட்க வேண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் உங்களிடம் கேட்பது இந்த ஒன்றுதான். ஊருக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பு எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். அம்மாவுக்குக் கோடாலித் தைலம் எத்தனை, பாப்பாவுக்கு என்ன சாக்லேட், அப்பாவுக்கு வாட்ச்சா ஷூவா. பாட்டிலை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. அது மாமனுக்கும் மச்சானுக்கும் ஆன ரகசியம். வந்ததும் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். "அம்மா, ரெண்டு பாட்டில் ஒயின் கொண்டு வரட்டுமா? வீட்டுல யாருக்காவது சங்கடமா?" என்று கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், அண்ணியிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். அந்த இடத்தில் தைலத்தை வைத்துக்கொண்டு வாருங்கள்.

சரி என்றால் சில காரியங்களைக் கவனியுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

பாட்டில் பெட்டியின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாம். முதலில் பிளாஸ்டிக் பை, அதன்மேல் துணி. என் வேட்டியைப் பார்த்த பிறகு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் பொதுவாக அனுமதியில்லை. விமான நிலையக் கடையில் வாங்கினால், ஒட்டிக் கொடுக்கிற பையை வீடு வரும்வரை பிரிக்காதீர்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். குஜராத், பிகார் மாதிரி மதுவிலக்கு இருக்கிற மாநிலத்தில் இறங்கி மாறி வருபவர்கள் பாட்டில் ஆசையை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு முதல் எதிரி நம் வெயில். சித்திரையில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் ஒயின் வெந்துபோகும். மேற்குச் சுவரை ஒட்டின பீரோவில் வைக்காதீர்கள். இருட்டான, குளுமையான மூலை வேண்டும். கார்க் வைத்த பாட்டிலைப் படுக்க வையுங்கள். திருகு மூடி என்றால் நிற்கலாம். திறந்துவிட்டால் மூன்று நாலு நாளைக்கு மேல் ஃபிரிட்ஜிலும் தாங்காது. பத்திரப்படுத்திப் பேரன் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண ஒயின் அத்தனை காலம் காத்திருக்காது.

ஊற்றும்போது அளவு சொல்லி ஊற்றுங்கள். நம் கடைப் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒயினில் அநேகமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று. இனிப்பான ரீஸ்லிங்கில் எட்டு, ஒன்பதுகூட உண்டு. குறைச்சல்தானே என்று மச்சான் டம்ளர் நிறைய ஊற்றிக் கடகடவென்று குடித்தால் கணக்கு ஒன்றாகிவிடும். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. இருபத்தொரு வயது ஆகாத பிள்ளைக்கு ஒரு வாய்கூட வேண்டாம்.

எங்கள் பாட்டிலைக் கடைசியில் இரண்டு வாரம் கழித்து, என் மாமா வீட்டுத் திண்ணையில் திறந்தோம். அத்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான். மாமாவுக்கு எண்பத்து நான்கு. எவர்சில்வர் டம்ளரில் விரற்கடை ஊற்றினேன். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "காலைல எறக்குன தெளுவு மத்தியானத்துல லேசாப் புளிக்குமே, அதாட்ட இருக்குது அம்மிணி" என்றார். அடுத்து அவரே கேட்டார்: "இதுக்குப் பிளேன்ல எடம் குடுக்கறாங்க. நம்ம மரத்துல எறக்குனா மட்டும் புடிச்சுட்டுப் போறானே, அது என்ன ஞாயம்?"

1987 ஜனவரி 1-இலிருந்து கள்ளுக்குத் தடை. அதை நீக்கச் சொல்லி நல்லசாமி நம் கொங்குப் பக்கத்திலிருந்து கள் இயக்கம் நடத்துகிறார்; எதிர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். குடியால் தாலி இழந்தவர்களைப் பார்த்த எனக்கு இதில் சுலபமான பதில் இல்லை. ஆனால் மாமாவின் கேள்வி நியாயமானது. திராட்சைச் சாறு புளித்தால் சுங்கச் சலுகை; தென்னம்பாளைச் சாறு புளித்தால் வழக்கு. சுங்கத்தின் பச்சை வழியில் பாட்டிலோடு நடந்து வரும்போது, அந்தச் சலுகை நம் ஊர் மரமேறிக்கு இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காலிப் பாட்டிலை என் வீட்டுக்காரர் தூக்கிப் போட விடவில்லை. கொடிக்கால் கொட்டகையில் வைத்திருக்கிறார். கம்பம் பன்னீர் திராட்சைக்கும் சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலைகளுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து வருகிற ஆளிடமெல்லாம் அந்தப் பாட்டிலைக் காட்டி, ஊர்ப் பெயரைப் பற்றிப் பேசுகிறார்.

மகன் வந்து திரும்பும்போது, பீஸ்போர்ட் விவசாயிக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்றார். வெற்றிலைதான் அவர் ஆசை. பச்சை இலையைச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள் என்று மகன் சொல்லிவிட்டான். அதனால் பிலிக்கல்பாளையம் போய் அச்சு வெல்லம் இரண்டு கிலோ வாங்கி வந்தார். பெட்டியில், போன தடவை பாட்டில் இருந்த இடத்தில், அதை வைத்தோம். வேட்டி சுற்றவில்லை. ஒரு அட்டையை என்னிடம் நீட்டி, "பிலிக்கல்பாளையம் அச்சு வெல்லம், காவிரிக்கரை, பரமத்தி வேலூர். அப்படியே எழுது" என்றார்.

எழுதினேன். "அவங்களுக்குப் புரியணுமே, கீழே இங்கிலீஷ்லயும் எழுதட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அவுங்க பாட்டில்ல தமிழ்லயா எழுதியிருந்துச்சு?" என்றார்.

இப்படிக்கு,
காவிரிக்கரையிலிருந்து
உங்கள் பழைய டீச்சர்